அரைஞாண் கயிற்றில் ஒரு வண்டிச் சாவி

மாமாவுக்குக் காது கூர்மை. மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் அல்ல. அதில் அவர் பாதிச் செவிடு, அக்கா பேசினால் முழுச் செவிடு. அவருடைய கூர்மையெல்லாம் சாவிச் சத்தத்தில்தான். அடுத்த அறையில் யாராவது சாவிக் கொத்தைத் தொட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற இடத்திலிருந்தே, "பீரோ சாவி உனக்கு எதுக்கு இப்ப?" என்று குரல் வரும்.

ஒருமுறை நான் சோதித்துப் பார்த்தேன். கொத்திலிருந்து சமையலறை அலமாரியின் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மீதியைக் கதவுக்குப் பின்னால் நின்று குலுக்கினேன். "ஒண்ணு கொறையுது மாப்ள. சின்னது" என்றார். இட்லியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

அவர் என் அக்காவின் கணவர். ஓசூரில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்தார். போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றால் சொல்லலாம். குடிக்க மாட்டார். பீடி, சிகரெட் கிடையாது. டூட்டிக்கு ஒரு நாள் லேட்டானதில்லை. அக்கா மேல் கை நீட்டினதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு அடி அடிச்சிருப்பனா? கேட்டுப் பாருங்க" என்பார். அக்கா அப்போது வந்தவருக்குத் தண்ணீர் கொண்டு வந்து வைப்பாள். அடிக்காமலேயே ஒருத்தியை என்னவெல்லாம் செய்யலாம் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். மாந்தோப்புதான் வாழ்க்கை. அப்பாவிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் வாங்கியது. கருப்பு டேங்க், தகரப் பெட்டி மாதிரி சத்தம், ஆனால் ஒரு உதையில் கிளம்பிவிடும். அந்த வண்டியில் எனக்கு முன்னால் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அக்கா. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் ரெண்டு பெட்டி மாங்காயைக் கட்டிக்கொண்டு, மண்டிக்குப் போய் வருவாள். ஊரில் பேசத்தான் பேசினார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டில் வண்டி கேட்டார்கள். அந்த வருடம் காய் பிடிக்கவில்லை. புது வண்டிக்கு வழியில்லாமல் அப்பா தன் வண்டியையே கழுவித் துடைத்து, மாலை போட்டு, மண்டபத்து வாசலில் நிறுத்தினார். ரெண்டு சாவி. ஒன்றை மாமா கையிலும் இன்னொன்றை அக்கா கையிலும் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று யாரும் சொல்லித்தரவில்லை. அவருக்கே தோன்றிச் செய்தது. அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்துக்கு வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடியில் கை கழுவும்போது மாமா கேட்டார், "உன் சாவியைக் குடு, பாக்கலாம்." அக்கா முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். ரெண்டு சாவியையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "சரியாத்தான் இருக்குது" என்றார். பிறகு அவளுடையதைக் கிணற்றுக்குள் விட்டார். எறியவில்லை, கோபமில்லை. விரலைப் பிரித்தார், அது போய்விட்டது.

"ஒரு வண்டிக்கு ரெண்டு சாவி இருந்தா அது வண்டி இல்ல, டவுன் பஸ்ஸு" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன், பிளஸ் டூ படிக்கிற வயது, புது மாமா ஜோக் அடிக்கிறார் என்று. அக்கா மட்டும் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது.

கிளம்பும்போது அப்பா, "ஆர்.சி. புக்கை உங்க பேருக்கு மாத்திக்கலாம் மாப்ள, ஒரு நாள் லீவு போட்டுட்டு வாங்க" என்றார். மாமா தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். "பேருல என்ன மாமா இருக்குது? சாவி யார்கிட்ட இருக்குதோ அவன்தான் ஓனர்." அப்பா சாகும்வரை அந்த வண்டி அப்பா பேரில்தான் இருந்தது. செத்த பிறகும் அப்பா பேரில்தான் இருந்தது.

இடுப்பைத் தட்டினார் என்றேன் அல்லவா, வண்டிச் சாவிக்கு அவர் வைத்திருந்த இடம் அதுதான். வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் கொத்தில் இருக்கும். வண்டிச் சாவி மட்டும் அரைஞாண் கயிற்றில் கட்டி, பேண்ட்டுக்குள் தொங்கும். தூங்கும்போதும் கழற்ற மாட்டார். வண்டியை எடுக்கக் கயிற்றோடு இழுத்து வெளியே எடுத்து, முடிச்சை அவிழ்த்து, போட வேண்டும். நிறுத்தியதும் மறுபடி கட்ட வேண்டும். பெட்ரோல் பங்க்கில் பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவர் பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்.

இதுவும் போதவில்லை அவருக்கு. பழைய வண்டிகளின் சாவி தேய்ந்துபோனால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேரும். ஒரு நாள் கம்பெனி ஸ்டாண்டில் வேறு செக்‌ஷன் ஆள் ஒருவர், அதே மாதிரி வண்டி வைத்திருப்பவர், அவசரத்தில் மாமாவின் வண்டியைத் தன் சாவியால் திறந்து கேட் வரைக்கும் ஓட்டிப் போய்விட்டார். சிரித்துக்கொண்டே திரும்பக் கொண்டுவந்து விட்டார். மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பூட்டைக் கழற்றி டூல் ரூமுக்கு எடுத்துப்போய், உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளை அரத்தால் ராவி, இடம் மாற்றி, தன் சாவியையும் அதற்கேற்றபடி ராவிக்கொண்டார். கைவேலையில் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. "இப்ப இந்த ஒலகத்துல எந்தச் சாவியும் சேராது" என்றார். அந்த மாதிரி மகிழ்ச்சியோடு அவரை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அவர்கள் வீடு சானமாவுக் காட்டை ஒட்டிய ரோட்டில். ஹைவேயிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே. யானை வரும் இடம். டூட்டிக்குப் போகும்போது அக்காவை உள்ளே விட்டு வெளியில் பூட்டிவிட்டுப் போவார். யாராவது கேட்டால், "யானை வருது, அதான்" என்பார். யானைக்குப் பூட்டு எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பின்வாசலை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே செங்கல் வைத்து அடைத்தார். ஜன்னலுக்குக் கம்பி போதாதென்று குறுக்கேயும் கம்பி வைத்தார். நான் அப்போது ஓசூரில் வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். போனால் ஜன்னல் வழியாகத்தான் அக்காவிடம் பேச வேண்டும். அவள் உள்ளேயிருந்து டம்ளரைச் சாய்த்துக் கம்பிக்கு நடுவே காபி நீட்டுவாள். "அவருகிட்ட எதையும் கேட்டுத் தொலைக்காத. அப்புறம் உன்னையும் வர வேணாம்னுடுவாரு" என்பாள்.

ஒரு காலையில் நிஜமாகவே யானை வந்தது. ராத்திரி ராகிக் கொல்லையில் மேய்ந்த கூட்டத்தை ஃபாரஸ்ட்காரர்கள் காட்டுக்குள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டாசுச் சத்தத்தில் ஒன்று பிரிந்து வீடுகளுக்குள் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் எதிரில் இருந்த மாடி வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். அக்கா எனக்குப் போன் செய்தாள். "வாசல்ல நிக்குதுடா" என்றாள். பிறகு போனை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நான் கம்பெனி கேன்டீனில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது. வாசலில் முன்னால் போட்டிருந்த ஓட்டுச் சார்ப்பை இழுத்துப் போட்டுவிட்டு, வாழைமரம் ரெண்டைத் தின்றுவிட்டு அது போய்விட்டது.

சாயங்காலம் மாமா வந்தார். நானும் போயிருந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் முதலில் பூட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கீறல் விழுந்திருக்கிறதா என்று. பிறகு உள்ளே வந்து, "பாத்தியா? பூட்டு இருந்ததால உள்ள வரல" என்றார். எனக்கு அந்த ஆளை அங்கேயே கழுத்தை நெரித்துவிடலாமா என்றிருந்தது. செய்யவில்லை. அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் அக்கா வேலைக்கு எழுதிப் போட்டது. எலக்ட்ரிக் வண்டிக்கு வயரிங் செய்யும் கம்பெனி ஒன்று லைனுக்குப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தது. போனிலேயே இன்டர்வியூ. ஆர்டர் தபாலில் வந்தது. திங்கட்கிழமை காலை எட்டரைக்குச் சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கம்பெனி பஸ் ஹைவேயில்தான் நிற்கும். வீட்டிலிருந்து அது வரை காட்டோர ரோட்டில் நடக்க முடியாது. வண்டி வேண்டும். அக்கா ஆர்டரை அவரிடம் காட்டி, "ஒரு சாவி செஞ்சிக்கறங்க. உங்க டூட்டி இல்லாத நேரத்துக்கு எடுத்துக்கறன்" என்றாள். அவர் படித்துப் பார்த்தார். நாலாக மடித்தார். பீரோவில் வைத்துப் பூட்டினார். "நல்ல கம்பெனிதான்" என்றார்.

இது புதன்கிழமை. சனிக்கிழமை மதியம் எனக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது. "மாப்ள, கொஞ்சம் எங்க கம்பெனி வண்டி ஸ்டாண்டுக்கு வர்றியா?" அவர் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. போனேன்.

நடந்தது இதுதான். கம்பெனிக் கக்கூஸில் உட்கார்ந்து எழும்போது அரைஞாண் கயிறு அறுந்து, சாவி குழிக்குள் போய்விட்டது. அவர் முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவியிருக்கிறார். கதவைத் தட்டிய ஹவுஸ்கீப்பிங் அம்மாவிடம் வாளி கேட்டிருக்கிறார், கம்பி கேட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் கம்பெனி பூராவும் தெரிந்துவிட்டது. நான் போனபோது கையைச் சோப்புப் போட்டுப் போட்டுச் சிவக்கக் கழுவிக்கொண்டு நின்றார். ஷிஃப்ட் மாறும் நேரம். வருகிறவன் போகிறவன் எல்லாம், "அண்ணே, சாவி கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாவி செய்கிறவர் ஒருவரை செக்யூரிட்டி வரவழைத்திருந்தார். ஆனேக்கல் பக்கத்து ஆள், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். வெட்டாத சாவி ஒன்றைப் பூட்டுக்குள் விட்டு இப்படியும் அப்படியும் அசைத்து, வெளியே எடுத்து, அதில் விழுந்த தடத்தை வெயிலில் பார்த்தார். மறுபடி விட்டார். மறுபடி பார்த்தார். பிறகு சாவியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்தார்.

"இது கம்பெனிப் பூட்டு இல்ல சார். யாரோ உள்ள நோண்டியிருக்கறாங்க. ஆர்.சி. பேக்கு, வேணும். ஆர்.சி. இல்லாம நான் கை வெக்க மாட்டன்."

"நான்தான்யா நோண்டினன். என் வண்டி" என்றார் மாமா.

"திருட்டு வண்டிக்குத்தான் சார் பூட்டை மாத்துவாங்க. நாளைக்கு பார்டர் தாண்டி மாட்டுச்சுன்னா என்னைத்தான் இழுப்பாங்க."

மாமா போனில் இருந்த ஆர்.சி. படத்தைக் காட்டினார். சாவிக்காரர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல வேற பேரு இருக்குதே."

"என் மாமனாரு."

"அவரை வரச்சொல்லுங்க."

"செத்துட்டாரு."

ஸ்டாண்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஸ்டாண்டில் வண்டி திருட்டுப் போவது அப்போது அதிகம். செக்யூரிட்டியும் முகத்தை மாற்றிக்கொண்டு, "எங்களுக்கும் ரூலு இருக்குதுண்ணே. வாரிசு வந்து சொல்லட்டும்" என்றார். மாமா என்னைக் காட்டினார். "இதோ மகன். நீ சொல்லு மாப்ள."

நான் உடனே சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். "வாரிசு சர்ட்டிஃபிகேட் அக்காகிட்டதான் இருக்குது மாமா. அக்காவைக் கூட்டிட்டு வந்துடறன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அக்கா வீட்டுக்குள் இருந்தாள், சாவி அவர் பையில் இருந்தது. கொத்திலிருந்து வீட்டுச் சாவியை மட்டும் கழற்றப் பார்த்தார். சோப்பில் ஊறிய விரல், வளையம் திறக்கவில்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொத்தோடு என் கையில் கொடுத்தார்.

நான் கதவைத் திறந்தபோது அக்கா அவர்தான் வந்துவிட்டார் என்று தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கக்கூஸ் என்றதும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பீரோவைத் திறந்தாள். ஆர்.சி., அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார். கடைசியில், நாலாக மடித்த தன் ஆர்டர். எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்தாள்.

ஸ்டாண்டில் சாவிக்காரர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வண்டி உங்க அப்பாவுதாம்மா?"

"ஆமாங்க."

"இவரு யாரு உங்களுக்கு?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கூட்டத்தில் ஒருவன் இருமினான்.

"வீட்டுக்காரரு" என்றாள்.

மாமாவுக்கு மூச்சு வந்தது. "அதான் சொல்றன்ல, செய்யுய்யா" என்றார்.

"சாவியை இவருகிட்ட குடுக்கலாமாம்மா?"

"வேணாங்க. என்கிட்ட குடுங்க."

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தகடுகளை மாமா அவ்வளவு நன்றாக மாற்றியிருந்தார். சாவிக்காரர் ராவுவார், போட்டுப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். கடைசியில் மாமாவே குனிந்து, "மூணாவது தகடு கொஞ்சம் ஒசரம்" என்று சொல்ல வேண்டியிருந்தது. தன் பூட்டைத் தானே காட்டிக்கொடுத்தார். சாவி திரும்பியது.

"ஒந்தா, எரடா? ஒண்ணு போதுமா, ரெண்டு செய்யட்டுமா?"

"ரெண்டு" என்றாள் அக்கா.

மாமாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டாவதையும் ராவித் துடைத்து சாவிக்காரர் நீட்டினார். மாமாவின் கை தானாக முன்னால் வந்தது. சிவந்த கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி. அக்கா அந்தக் கையைத் தாண்டி எட்டி என்னிடம் கொடுத்தாள். "இது உன்கிட்ட இருக்கட்டும் தம்பி."

சொல்ல வேண்டியதையெல்லாம் மாமாவே வருடக்கணக்காகச் சொல்லி வைத்திருந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து, ஒரு உதை விட்டாள். கிளம்பிவிட்டது. "ஏறுங்க" என்றாள். அவர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். கேட்டைத் தாண்டும் வரை விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் அடித்தேன்.

திங்கட்கிழமை அக்கா வேலைக்குப் போனாள். ஹைவே வரை வண்டி, அங்கிருந்து கம்பெனி பஸ். மாமா நைட் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டார். பகலில் ஆட்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை போலிருக்கிறது. டூட்டிக்கு அக்காதான் ஹைவே வரை கொண்டுபோய் விடுவாள். இரண்டாவது வாரம் ஒரு நாள் அக்கா வேலை முடிந்து வந்தபோது அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் திறக்கவில்லை. மறுநாள் அவள் உள் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டுப் புதுப் பூட்டு ஒன்று வாங்கினாள். அவர் வந்து சாப்பிட்டுத் தூங்கியதும் வெளியில் பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "யானை வருது, அதான்" என்றாளாம்.

பூட்டின் இன்னொரு சாவியை எனக்குக் கொடுத்திருந்தாள். "எனக்கு மனசு கேக்கலடா. நீ லீவா இருக்கற அன்னிக்கு மத்தியானம் போயித் தொறந்து விட்டுடு. பாவம், வெளிய வந்து கொஞ்ச நேரம் உக்காரட்டும்" என்றாள். அவளால் அவ்வளவுதான் முடிந்தது.

அடுத்த லீவு நாளில் போனேன். பன்னிரண்டு மணி வெயில். ஜன்னலில் குறுக்குக் கம்பிக்குப் பின்னால் நின்றிருந்தார். முகம் வேர்த்திருந்தது.

"மாப்ள, சாவி குடுத்தாளா?"

"இல்லையே மாமா" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது, சொன்னதும் நன்றாக இருந்தது. யானை இழுத்துப் போட்ட சார்ப்பின் மிச்ச நிழலில் போய் உட்கார்ந்தேன். ஜன்னலிலிருந்து நான் தெரிய மாட்டேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போய், ஒருமுறை மாற்றிப் போட்டு உட்கார்ந்தேன்.

"மாப்ள" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உன் பையில சத்தம் கேக்குது."

"என் வண்டிச் சாவி மாமா."

பிறகு, கோபமே இல்லாமல், யாரோ கணக்குக் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

"மூணு இருக்குது மாப்ள. ஒண்ணு உன் வண்டியோடது. ஒண்ணு எங்க வண்டியோடது. மூணாவது பூட்டோடது, புதுசு."

நான் பைக்குள் கையை விட்டு மூன்றையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், சத்தம் வராமல். அக்கா வரும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.